வயித்து வலிக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்வி

எங்க திருவள்ளூர்ப் பக்கம் வயித்து வலின்னா டாக்டருக்கு முன்னாடி பெருமாள்தான் ஞாபகத்துக்கு வருவார். வீரராகவருக்கு வைத்திய வீரராகவர்னே பேர். தீராத வயித்து வலிக்காரங்க மூணு அமாவாசை வந்து சேவிச்சா குணமாகும்னு நம்பிக்கை. குளத்துல வெல்லம் கரைப்பாங்க. தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி வந்து பாருங்க, கோயிலைச் சுத்தி கால் வைக்க இடம் இருக்காது.

சைவர்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஏழாம் நூற்றாண்டுல சமணத் துறவியா இருந்த தருமசேனரைச் சூலை நோய் முறுக்கி எடுத்தது. அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப்போக, வலி தீர்ந்து அவர் திருநாவுக்கரசர் ஆனார்னு பெரியபுராணம் சொல்லுது. தமிழ்நாட்டுச் சமய வரலாற்றுல ஒரு வயித்து வலிக்கு இவ்வளவு பெரிய இடம் இருக்கு.

அது எந்த வலி என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. சித்த வைத்தியர்கள் குன்மத்தையே எட்டு வகையாகப் பிரித்தார்கள். வீட்டு வைத்தியத்துக்குத்தான் அந்தப் பொறுமை கிடையாது. ஓமத்தண்ணி, பெருங்காயம் போட்ட மோர், எதுக்கும் அடங்கலைன்னா விளக்கெண்ணெய். முதல் ரெண்டால பெரிய கெடுதல் இல்லை. மூணாவதுதான் வில்லங்கம். குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுத்தா அது உடைஞ்சு சீழ் வயிறு முழுக்கப் பரவலாம்.

குடல்வால் அழற்சியைத் தெளிவாக அடையாளம் காட்டியவர் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ், 1886-ல். அதுவரை அதற்கு வேற வேற பேர். தொப்புளைச் சுத்தி ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி அது. 1902 ஜூன்ல, நம்மையும் சேர்த்து ஆண்ட ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்ட ரெண்டு நாள் இருக்கும்போது இந்த வலிதான் வந்தது. விழாவைத் தள்ளிவைத்து, அரண்மனையிலேயே வயித்தைக் கீறிச் சீழை எடுத்தாங்க. ஆகஸ்ட்லதான் கிரீடம்.

வலி எங்கே, எப்ப ஆரம்பிச்சது, எங்கே நகருது? இந்தக் கேள்விகளைத் தொட்டுப் பார்க்கிற எந்த டாக்டரும் கேட்பார். இதோட இன்னொரு கேள்வியும் சேரணும்னு எழுதினவர் இத்தாலிக்காரர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு புத்தகம் போட்டார். அவர் சேர்க்கச் சொன்ன கேள்வி: நீ என்ன வேலை செய்யறே?

அந்தக் கேள்விக்கு எவ்வளவு மதிப்புன்னு காட்டினது ஒரு விவசாய ஊர்தான், அதனால எனக்கு இந்தக் கதை மேல தனிப் பிரியம். இங்கிலாந்தில் டெவன் என்ற மாவட்டம். ஆப்பிளைப் பிழிஞ்சு சைடர் செய்யற ஊர். குடிக்கிறவங்களுக்குக் கொடூரமான வயித்து வலி வரும், மலச்சிக்கல், அப்புறம் கை விழுந்து போகும். சைடர் புளிப்புதான் காரணம்னு பல வருஷம் நம்பினாங்க. ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767-ல் வேற ஒன்றைக் கவனித்தார். ஹெரிஃபோர்டிலும் சைடர் செய்யறாங்க, அங்கே இந்த வலி இல்லையே? டெவனில் ஆப்பிள் அரைக்கும் கல் தொட்டிகளின் இணைப்புகளை ஈயம் ஊற்றி அடைப்பாங்க, ஹெரிஃபோர்டில் அப்படி இல்லை. பேக்கர் சைடரைச் சோதித்து ஈயம் இருப்பதைக் காட்டினார். தொழில் கெட்டுப்போகும்னு சைடர்க்காரங்க அவர் மேல பாய்ஞ்சாங்க. அவரும் அந்த ஊர்க்காரர்தான், பாவம்.

கதையை இங்கே எழுதக் காரணம் இருக்கு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரம் கும்மிடிப்பூண்டி. சிப்காட் வளாகம் வந்த பிறகு அந்தப் பக்கம் இரும்பு உருக்கும் ஆலைகள் வந்தன, பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் ஆலைகளும் வந்தன. உங்க காரிலேயும் இன்வெர்ட்டரிலேயும் தீர்ந்துபோகிற பேட்டரி இப்படி ஏதாவது ஒரு ஆலைக்குத்தான் போகுது. உருக்குற இடத்துல ஈயப் புகையும் தூசியும் மூச்சு வழியா, கை வழியா உள்ளே போகும். எந்த ஆலை மேலேயும் நான் இங்கே குற்றம் சொல்லலை. உள்ளே நின்னு பார்த்தவன் இல்லை நான். ஆனா எங்க ஊரில் கம்பெனி வேலைக்குப் போகிற பசங்க வயித்து வலின்னா, அது எந்தக் கம்பெனியா இருந்தாலும், "காஸ்தான் மாமா"ன்னு மெடிக்கல்ல ஜெலுசில் வாங்கிக் குடிச்சுட்டு அடுத்த ஷிஃப்டுக்குப் போறாங்க.

ஈய வலி பிடிபடாமல் போகிறதுக்குக் காரணம் இருக்கு. தொப்புளைச் சுத்தி விட்டு விட்டு முறுக்கும், கூடவே மலச்சிக்கல். ஸ்கேன்ல பெரும்பாலும் எதுவும் தெரியாது. குடல்வால்னு நினைச்சு ஆபரேஷன் வரைக்கும் போன கேஸ்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கு. குடல்வால் வலியில் வயித்தைத் தொட்டாலே துடிப்பாங்க. ஈய வலியில் அழுத்திப் பிடிச்சா சிலருக்கு இதமா இருக்கும். ரத்தசோகை கூட இருக்கும். பல் ஈறு ஓரத்தில் சிலருக்கு நீலக்கோடு விழும். அதை 1840-ல் லண்டனில் ஹென்றி பர்ட்டன் எழுதி வைத்தார். உறுதி செய்ய ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கணும். அந்த டெஸ்ட் சாதாரண ரத்தப் பரிசோதனையில் சேராது. டாக்டர் தனியா எழுதித்தரணும், எழுத அவருக்கு சந்தேகம் வரணும், சந்தேகம் வர வேலை என்னன்னு தெரியணும்.

விவசாயிக்கும் இதே கேள்வி உண்டு. பூச்சிமருந்து அடிச்சுட்டு வந்தவனுக்கு வயித்துப் பிடிப்பு, வாந்தி, எச்சில் ஊறல், கொட்டுற வேர்வைன்னா அது காலையில் தின்ன பழையசோறு செய்த வேலை இல்லை. மருந்து டப்பாவையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்ப் பட்டியலில் முதல் பேரே ஈய நஞ்சாகத்தான் இருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யறவனுக்கு அது இருக்குன்னு கருதுகிற மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும்னு அந்தச் சட்டம் சொன்னது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தத்தில் வருகிறவனோட வலி அந்தக் கடிதம் வரைக்கும் போகணும்னா முதல்ல அவன் டாக்டர் முன்னாடி உட்காரணும், ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை வேணும்.

வைத்தியத்தில் முதல் வேலை, ஆளை ஈயத்திலிருந்து விலக்குவது. அளவு மிஞ்சியிருந்தால் ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள். மருந்து முடிஞ்சு அதே உலைக்குத் திரும்பினால் ரத்தத்தில் ஈயம் மறுபடி ஏறும். வேலைச் சட்டையை ஆலையிலேயே கழட்டிப் போட்டுட்டுக் குளிச்சுட்டு வரச் சொல்றதும் இதனாலதான். அந்தத் தூசி வீட்டுக்கு வந்தால் தரையில் தவழ்கிற குழந்தைக்குத்தான் அதிக ஆபத்து.