மென்தசை மருந்துகள்

மென்தசை மருந்துகள் என்பவை, உடலின் குழாய்களையும் பைகளையும் சூழ்ந்து, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இயங்கும் தசையைச் சுருங்கவோ தளரவோ வைக்கும் மருந்துகள். மூச்சுக்குழல், இரத்தக் குழாய், உணவுப்பாதை, கருப்பை, சிறுநீர்ப்பை, கண் பாவை எல்லாவற்றிலும் இத்தசை உண்டு. ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, வயிற்றுப் பிடிப்பு, பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு, முதுமையில் சிறுநீர் அடைப்பு என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் நோய்களின் சிகிச்சை இந்த ஒரு தசையில் வந்து சேர்கிறது. ஆகவே எந்த உறுப்பின் தசையைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதே இத்துறையின் முதல் கேள்வி. பக்க விளைவு எனப்படுவது பெரும்பாலும் அதே செயல் வேண்டாத இடத்தில் நடப்பதுதான்.

தசை சுருங்கும் விதம்

எலும்பை அசைக்கும் தசைகளில் நுண்ணோக்கியில் தெரியும் குறுக்கு வரிகள் மென்தசையில் இல்லை. இது மெதுவாகச் சுருங்கும். ஆனால் குறைந்த ஆற்றலில் நெடுநேரம் இறுக்கத்தை விடாமல் பிடித்திருக்கும். தொடங்கி வைப்பது கால்சியம். செல்லுக்குள் கால்சியம் கூடும்போது அது கால்மோடுலின் என்னும் புரதத்தோடு சேர்கிறது. அந்தச் சேர்க்கை ஒரு கைனேஸ் நொதியை முடுக்கிவிட, நொதி மயோசின் இழைகளில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. பாஸ்பேட் நீங்கினால் தசை தளரும்.

சில மருந்துகள் கால்சியம் நுழையும் வழியை அடைக்கின்றன. சில, சைக்ளிக் ஏஎம்பி, சைக்ளிக் ஜிஎம்பி என்னும் தூது மூலக்கூறுகளைச் செல்லுக்குள் பெருக்கித் தளர்வை உண்டாக்குகின்றன. வேறு சில, செல்லின் மேலுள்ள ஏற்பிகளைத் தூண்டுகின்றன அல்லது தடுக்கின்றன. ஏற்பிகள் உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவதால் ஒரே பொருள் ஓரிடத்தில் சுருக்கவும் மற்றோரிடத்தில் தளர்த்தவும் செய்யும். ஆல்பா-1 ஏற்பிகள் மிகுந்த தோலின் இரத்தக் குழாய்களை அட்ரினலின் சுருக்குகிறது. பீட்டா-2 ஏற்பிகள் உள்ள மூச்சுக்குழல்களை விரிக்கிறது. குளவி கொட்டியோ மருந்து ஒவ்வாமலோ இரத்த அழுத்தம் சரிந்து மூச்சும் அடைக்கும் வேளையில் இவ்விரண்டுமே வேண்டும். அதனால்தான் அப்போது முதல் மருந்தாகப் பெரியவர்களுக்குத் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போடுகிறார்கள்.

மூச்சுக்குழல்

ஊமத்தையை உலர்த்திக் கொளுத்தி அதன் புகையை மூச்சிரைப்புக்கு இழுக்கும் வழக்கம் இந்தியாவில் இருந்தது. 1802 வாக்கில் ஜெனரல் ஜென்ட் என்னும் படை அதிகாரி சென்னையிலிருந்து அதை எடின்பரோவில் இருந்த மருத்துவர் சிம்ஸிடம் கொண்டு சேர்த்தார். பின்னர் அந்நூற்றாண்டு நெடுகிலும் ஐரோப்பாவில் ஊமத்தைச் சுருட்டுகள் கடைகளில் விற்றன. அதில் உண்மையான மருந்துச் செயல் உண்டு. ஊமத்தையிலுள்ள அட்ரோபின், மூச்சுக்குழல் தசையைச் சுருக்கும் அசிட்டைல்கோலினின் ஏற்பிகளைத் தடுக்கிறது. ஆனால் செடிக்குச் செடி அளவு மாறும். மூளைக்கும் போய்ப் பித்தம் பிடித்தது போல் பிதற்ற வைக்கும். விதை உயிரையே வாங்கும். அட்ரோபினின் மூலக்கூறை மாற்றி, மூளைக்குள் நுழைய முடியாதபடி செய்ததுதான் இப்ராட்ரோபியம். இன்று மருத்துவமனையில் நெபுலைசரில் வைக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு வழி, பீட்டா-2 ஏற்பியைத் தூண்டுவது. முன்பு பயன்பட்ட ஐசோபிரினலின் இதயத்தின் பீட்டா-1 ஏற்பிகளையும் சேர்த்தே தூண்டியது. 1960-களில் பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகள் கூடியபோது அந்த மருந்தின் வீரியம் மிகுந்த இன்ஹேலர்கள் மீது ஐயம் விழுந்தது. பீட்டா-2 ஏற்பியையே பெரிதும் நாடும் சால்பியூட்டமால் 1969-இல் விற்பனைக்கு வந்தது. சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகும். பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும்.

நம் வீடுகளில் இன்ஹேலர் என்றாலே கடைசிக் கட்டம் என்ற அச்சம் இன்னும் போகவில்லை. மாத்திரைதான் லேசு என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் உண்மை நேர்மாறானது. ஒரு முறை அழுத்தினால் வெளிவரும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது நாற்பது மடங்கு. மாத்திரை வயிறு, இரத்தம் என்று உடலெங்கும் சுற்றி வந்துதான் நுரையீரலை எட்டுகிறது. வழியில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இன்ஹேலர் மருந்தை உரிய தசையின் மேலேயே தெளிக்கிறது, இழுக்கும் முறை சரியாக இருந்தால். குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, மருந்தை அழுத்தும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து வினாடி அடக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் பெரும்பகுதி தொண்டையில் படிந்து விழுங்கப்பட்டுவிடும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒருசேரச் செய்ய வராதவர்களுக்கு ஸ்பேசர் எனும் குடுவை பெரிய உதவி.

தசை தளர்ந்தால் மட்டும் ஆஸ்துமா அடங்கிவிடாது. குழலின் உட்சுவர் அழற்சி அப்படியே இருக்கும். இதனாலேயே ஜினா என்னும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019 முதல், பெரியவர்களும் பதின்பருவத்தினரும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், இழுக்கும் ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்கிறது.

இரத்தக் குழாய்

1867-இல் மருத்துவர் லாடர் பிரண்டன் எடின்பரோவில் அமைல் நைட்ரைட்டை முகரக் கொடுத்து நெஞ்சுவலியைத் தணித்தார். 1879-இல் வில்லியம் மரெல் நைட்ரோகிளிசரினைப் பரிந்துரைத்தார். டைனமைட்டைச் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, இறந்த ஆண்டான 1896-இல், இதய நோய்க்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின்தான். இது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய ஏறக்குறைய நூறாண்டு ஆனது.

நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு ஆராய்ந்தவர். உயிருள்ள உடலில் குழாயை விரிக்கும் அசிட்டைல்கோலின், அவருடைய துண்டுகளைச் சுருக்கியது. துண்டைத் தயாரிக்கும் முறை மாறியபோது அதே மருந்து தளர்த்தியது. காரணத்தைத் தேடிப் போனவர், முந்தைய தயாரிப்பில் குழாயின் உட்புறம் உரசித் தேய்ந்து, எண்டோதீலியம் என்னும் ஒற்றைச் செல் படலம் போய்விட்டிருந்ததைக் கண்டார். அந்தப் படலம்தான் தசைக்குத் ‘தளர்’ என்று செய்தி அனுப்புகிறது. 1980-இல் ஜான் ஸவாட்ஸ்கியோடு இதை வெளியிட்டார். செய்தியைச் சுமப்பது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர் தெளிவானது. நைட்ரோகிளிசரினும் அதே வாயுவைத்தான் தருகிறது, அது சைக்ளிக் ஜிஎம்பியைப் பெருக்குகிறது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் இந்தக் குடும்பம். இதயத்தின் தமனிகளை விரிப்பதை விட, உடலின் சிரைகளைத் தளர்த்தி இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்துச் சுமையை இறக்குவதே இதன் முக்கியப் பணி. அழுத்தம் சட்டென்று இறங்குவதால் உட்கார்ந்தபடி வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்குறி விறைப்புக் குறைபாட்டுக்கு எடுக்கும் சில்டெனாஃபில், சைக்ளிக் ஜிஎம்பி சிதையாமல் காப்பது. அதுவும் நைட்ரேட்டும் சேர்ந்தால் அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகச் சரியும். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகையைச் சேர்ந்த டாடலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கூடாது. நெஞ்சுவலியோடு வருபவர் கூச்சப்பட்டு மறைக்கக்கூடாத விஷயம் இது.

பிரஷர் மாத்திரைகளில் வெகுவாகப் புழங்கும் அம்லோடிபின், கால்சியம் வழியை அடைத்துச் சிறு தமனிகளை விரிக்கிறது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். கிட்னி கெட்டுவிட்டதோ என்று பதறி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். மருந்தால் வரும் வீக்கத்துக்குக் காரணம் வேறு: தமனி விரிந்த அளவுக்குச் சிரை விரிவதில்லை, இடைப்பட்ட நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. இதற்கு நீர் பிரியும் மாத்திரை அவ்வளவாக உதவாது. மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது சிரையையும் விரிக்கும் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்.

கருப்பை

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்தக் குழாய்களின் வாய் திறந்தபடி நிற்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தசை இழைகள் இறுகி அவற்றை நெரிப்பதால்தான் இரத்தம் நிற்கிறது. தாயின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்கும் செவிலியர் தேடுவது கெட்டியான உருண்டையை; தொளதொளவென்று பட்டால் ஆபத்து.

1906-இல் ஹென்றி டேல், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். அதிலுள்ள ஆக்ஸிடோசினை வின்சென்ட் டு விக்னோ 1953-இல் செயற்கையாகச் செய்தார். 1955-இல் நோபல் பரிசு பெற்றார். குழந்தை பிறந்ததும் எல்லாத் தாய்மாருக்கும் 10 யூனிட் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் வீரியம் குன்றும். மின்வெட்டுள்ள ஊரில் குளிர்பெட்டியே தாயின் உயிரைக் காக்கும் கருவி. அறை வெப்பத்தில் தாங்கும் மிசோபிராஸ்டால் மாத்திரை அங்கே கைகொடுக்கும். பிரசவ வலியை வரவைக்கவும் ஆக்ஸிடோசினை டிரிப்பில் ஏற்றுவார்கள். சுருக்கங்களுக்கு நடுவே ஓய்வு இல்லையென்றால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும் என்பதால் இதயத்துடிப்பைக் கவனித்தே சொட்டின் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இரத்தம் நிற்காதபோது எடுக்கும் அடுத்த மருந்துகளில் இடத் தேர்வின் சிக்கல் அப்பட்டமாகத் தெரியும். எர்கோமெட்ரின் இரத்தக் குழாயையும் சுருக்கும். அழுத்தம் கூடிய தாய்க்கு ஆகாது. கார்போபிராஸ்ட் மூச்சுக்குழலையும் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. மாறாக, குறைமாதத்தில் வலி கண்டால் அழுத்தத்துக்கான நிஃபெடிபினே கருப்பையைத் தளர்த்தப் பயன்படுகிறது; சுமார் 48 மணி நேரம் கிடைத்தாலும் குழந்தையின் நுரையீரலை முதிர்விக்கும் ஸ்டீராய்டு ஊசி பலன் தந்துவிடும்.

குடலும் சிறுநீர்ப் பாதையும்

வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமின் அட்ரோபினின் வழியில் வேலை செய்கிறது. வாய் உலர்வதும், கண் மங்குவதும், சிறுநீர் அடைபடுவதும் அதனால்தான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைபடும்போது டாம்சுலோசின், சிறுநீர்ப்பைக் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் உள்ள ஆல்பா-1 ஏற்பிகளைத் தடுத்து வழியைத் தளர்த்துகிறது. இரத்தக் குழாயை அதிகம் தொடாதபடி தேர்ந்தெடுக்கப்பட்ட மருந்து. இருந்தும் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும். அதே ஏற்பி கண் பாவையை விரிக்கும் ஐரிஸ் தசையிலும் உண்டு. இம்மருந்தை எடுப்பவர்களுக்குக் கண்புரை அறுவையின்போது ஐரிஸ் துவண்டு, பாவை சுருங்கிவிடுவதை 2005-இல் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் விவரித்தனர். சில நாள் முன்பு மாத்திரையை நிறுத்துவதால் இது தவிர்வதில்லை. முன்கூட்டியே தெரிந்தால் அறுவை மருத்துவர் பாவையை விரித்துப் பிடிக்கும் வளையத்தைத் தயாராக வைத்துக்கொள்வார்.