விழாத ரயில்

ஒற்றைச் சக்கர எலெக்ட்ரிக் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டில் இல்லாவிட்டாலும் யூடியூபிலாவது. ஒரே ஒரு சக்கரம். இரண்டு பக்கமும் கால் வைக்க இரண்டு பலகை. ஹேண்டில்பார் கிடையாது. முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். ஷேன் சென் என்ற அமெரிக்கர் 2011 வாக்கில் சோலோவீல் என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தார். பிறகு சீனாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்பக்கமோ பின்பக்கமோ நீங்கள் குப்புற விழாமல் வண்டி பார்த்துக்கொள்ளும். இடது பக்கம் சாய்ந்தால்? வலது பக்கம் சாய்ந்தால்? அது உங்கள் பாடு. புதிதாக ஏறுகிற அத்தனை பேரும் பக்கவாட்டில்தான் விழுகிறார்கள்.

அதையும் மெஷினே பார்த்துக்கொண்டால் என்ன? நியாயமான கேள்வி. இதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் விடை கண்டுபிடித்துவிட்டார். வண்டிக்கு அல்ல, ரயிலுக்கு. விடை சரியாகவும் இருந்தது. ஆனாலும் மனிதர் தோற்றுப்போனார். அந்தத் தோல்விக்கு நம் ஊர்ப் பணமும் செலவாகியிருக்கிறது என்பதுதான் கதை.

அவர் பெயர் லூயி பிரென்னன். 1852-ல் அயர்லாந்தில் காஸில்பார் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே, கரையில் இருந்துகொண்டே கம்பியால் இயக்கக்கூடிய டார்பிடோ ஒன்றைக் கண்டுபிடித்தார். கம்பியைப் பின்னால் இழுத்தால் டார்பிடோ முன்னால் போகும். கேட்டால் சிரிப்பீர்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் சிரிக்கவில்லை. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. பிரென்னன் இங்கிலாந்தில் கென்ட் பகுதியில், ஜில்லிங்ஹாமில் வீடு பார்த்துக் குடியேறினார்.

அடுத்து அவர் தலைக்குள் புகுந்தது ரயில். எதற்காக இரண்டு தண்டவாளம்? ஒன்று போதாதா? இரும்புச் செலவு பாதி. மலைப்பாதையில் நினைத்த இடத்தில் வளைக்கலாம். ராணுவம் அவசரத்துக்குச் சட்டென்று போட்டுக்கொண்டே போகலாம். ஒரே ஒரு சிக்கல்தான். ஒற்றைத் தண்டவாளத்தில் நிற்கும் ரயில் பெட்டி தொபுக்கடீர் என்று பக்கவாட்டில் விழுந்துவிடும்.

விழாமல் நிறுத்த பிரென்னன் பிடித்தது பம்பரத்தை.

சுற்றாத பம்பரம் நிற்காது. சுற்றுகிற பம்பரம் விழாது. இது நாம் அரை டிராயர் காலத்திலேயே பார்த்த விஷயம். ஆனால் வெறும் பம்பரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் ரயில் நின்றுவிடாது. விழுவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால், உள்ளே சுற்றுகிற சக்கரத்தின் அச்சு வேறொரு திசையில் திரும்பப் பார்க்கும். அது திரும்புகிற அதே திசையில் இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டால்? பெட்டி தானாக நிமிர்ந்துகொள்ளும். சரியான நேரத்தில் அந்தத் தள்ளு தள்ளிவிடும் ஏற்பாடுதான் பிரென்னனின் மூளை. வளைவில் குழப்பம் வரக்கூடாது என்று ஒன்றுக்கு இரண்டாக, எதிரெதிர்த் திசையில் சுற்றும் சக்கரங்களாகப் போட்டார். 1903-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1907-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆறடி நீள மாடல் ஒன்றைக் கம்பி மீது முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். பெரிய பெரிய விஞ்ஞானிகள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வருடமே எச்.ஜி.வெல்ஸ் தன் நாவல் ஒன்றில் பிரென்னன் ரயிலை ஊரெல்லாம் ஓடவிட்டுவிட்டார்.

சரி, நிஜ ரயில் கட்டப் பணம்?

நான் காமர்ஸ் படித்தவன். பம்பரத்தைவிட இந்தக் கணக்குதான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது. ராணுவ கவுன்சில் பத்தாயிரம் பவுண்டு கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. நிதிப்பிரிவு முடியாது என்றது. அங்கே இங்கே சுரண்டி ராணுவம் கொடுத்தது 2,000 பவுண்டு. 1906-ல் புது அரசாங்கம் வந்து சிக்கனம் என்று சொல்ல, அதுவும் நின்றுபோனது. அப்புறம் யார் கொடுத்தார்கள்? லண்டனில் இருந்த இந்தியா ஆபீஸ். நம்மை ஆண்டுகொண்டிருந்த அதே ஆபீஸ். வடமேற்கு எல்லைப் பகுதிக்கு ஒற்றை ரயில் விடலாம் என்று 1907-ல் 6,000 பவுண்டு. 1908-ல் காஷ்மீர் தர்பார் 5,000 பவுண்டு. அப்போது அங்கே மகாராஜா பிரதாப் சிங். மலை நாட்டுக்கு ரயில் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. 1909 ஜனவரிக்குள் பணம் ஏறக்குறையக் கரைந்துபோக, இந்தியா ஆபீஸ் இன்னொரு 2,000.

கூட்டிப் பாருங்கள். இங்கிலாந்து ராணுவத்தின் பங்கு 2,000. நம் தலையில் 13,000. இந்தியா ஆபீஸின் கல்லாவில் இருந்தது இந்தியர்கள் கட்டிய வரி. தந்தது முன்பணம்தானாம். ரயிலோ கென்ட்டில் ஓடியது.

ஓடியது என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம். 1909 அக்டோபர் 15 அன்று முப்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றி வந்தது. நாற்பதடி நீளம், பத்தடி அகலம். உள்ளே ஒவ்வொன்றும் முக்கால் டன் எடையுள்ள இரண்டு இரும்புச் சக்கரங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று. காற்று உரசக்கூடாது என்று காற்றை உறிஞ்சி எடுத்த உறைக்குள் சுழன்றன.

அந்த நேரம் பார்த்து பெர்லினில் ஆகஸ்ட் ஷெர்ல் என்ற பத்திரிகை முதலாளி, நானும் ஒரு பம்பர ரயில் வைத்திருக்கிறேன், நவம்பர் 10-ம் தேதி வந்து பாருங்கள் என்று அறிவித்துவிட்டார். விடுவாரா பிரென்னன்? சக்கரங்களைத் தரைக்கு அடியில் மாற்றிவிட்டுத்தான் ஊருக்குக் காட்டுவது என்றிருந்தவர், அதை அப்படியே விட்டுவிட்டு அதே நவம்பர் 10 அன்று ஜில்லிங்ஹாமில் தன் வண்டியைக் காட்டினார்.

1910-ல் லண்டன் ஒயிட் சிட்டி கண்காட்சி. ஒரு நடைக்கு ஐம்பது பேர். மணிக்கு இருபது மைல் வேகம். வின்ஸ்டன் சர்ச்சில் ஏறிப் பார்த்துக் குஷியாகிவிட்டார். கூட்டமெல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்து நின்றால் பெட்டி அந்தப் பக்கம் சரிய வேண்டும் இல்லையா? சரியவில்லை. கனம் கூடிய பக்கம் மேலே எழும்பியது! வளைவில் சைக்கிள்காரன் மாதிரி உள்பக்கமாகச் சாய்ந்து போனது.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஏன் யாரும் வாங்கவில்லை?

ஒரு பெட்டிக்கு ஒரு ஜோடிப் பம்பரம். பத்துப் பெட்டி கோத்தால் பத்து ஜோடி. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அவை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எரிபொருள் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியை யார்டில் கழற்றிவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்க முடியாது. தண்டவாளத்தில் மிச்சம் பிடித்ததைப் பம்பரம் தின்றுவிடும். இது கணக்குப்பிள்ளைகளின் கவலை. பயணிகளுடைய கவலை இன்னும் எளிமையானது. பம்பரம் நின்றுவிட்டால்? உடனே நிற்காது, மோட்டார் நின்றாலும் வெகுநேரம் சுற்றும் என்று பிரென்னன் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பயத்துக்குக் காது ஏது?

இதே காலத்தில் இந்தியாவில் ஒற்றைத் தண்டவாள ரயில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. பம்பரம் கிம்பரம் எதுவும் இல்லாமல். மூணாறில் 1902-ல் தேயிலை கொண்டுபோக அப்படி ஒரு பாதை போட்டார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன். அங்கிருந்து ரோப்வே மூலம் நம்முடைய போடிநாயக்கனூர்ப் பக்கம் குரங்கணி மலையடியில் கொட்டகுடிக்கு இறக்கிவிடுவார்கள். எவிங் என்பவரின் முறை அது. முக்கால்வாசிக்கு மேல் பாரம் ஒற்றைத் தண்டவாளத்தில். விழாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு சக்கரம், ரோட்டிலேயே உருண்டு வரும். இழுத்தது? மாடு. குழந்தைகள் சைக்கிளில் பக்கத்தில் குட்டிச் சக்கரம் மாட்டுகிறோமே, அதே வித்தைதான். பாட்டியாலா சமஸ்தானத்திலும் 1907-ல் இதே முறையில் போட்டார்கள். மாடும் கோவேறு கழுதையும் இழுத்தன. பிறகு நீராவி எஞ்சினும் வந்தது. 1927 வரை ஓடியது. அதன் எஞ்சின் ஒன்றை டெல்லி ரயில் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம். இந்தியா ஆபீஸ் முதல் தவணை கொடுத்த அதே 1907-ல்தான் இது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது ஒற்றைச் சக்கர எலெக்ட்ரிக் வண்டிக்கு வருவோம். அதற்குள்ளும் ‘கைரோ’ இருக்கிறது. ஆனால் பிரென்னன் வைத்த பம்பரம் அல்ல. நகத்தளவு சிப். அது எதையும் பிடித்து நிறுத்தாது. எவ்வளவு சாய்கிறது என்று அளந்து மட்டும் சொல்லும். முன்னால் சாய்ந்தால் மோட்டார் சக்கரத்தை முன்னால் உருட்டி உங்கள் காலடிக்குக் கொண்டுவரும். பக்கவாட்டில் சாய்ந்தால் சிப்புக்குத் தெரியும், ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. சக்கரம் பக்கவாட்டில் உருளாதே!

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஜப்பானில் முராட்டா கம்பெனி 2008-ல் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டும் குட்டி ரோபோ ஒன்றைக் காட்டியது. உடம்புக்குள் ஒரு சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி அது பக்கவாட்டில் சமாளித்துக்கொள்ளும். குட்டி ரோபோவுக்குச் சின்னச் சக்கரம் போதும். எழுபது கிலோ மனிதருக்கு? கனமான இரும்புச் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே வேகமாகச் சுற்றவிட வேண்டும். பாட்டரியில் பாதியை அதுவே குடித்துவிட்டால் ஊர் போய்ச் சேர்வது எப்படி?

2009-ல் ஹோண்டா வேறு வழி பிடித்தது. யு3-எக்ஸ் என்று பெயர். பெரிய சக்கரத்தின் விளிம்பு முழுக்கக் குட்டிக் குட்டிச் சக்கரங்கள். அதனால் பக்கவாட்டிலும் உருளும், உட்கார்ந்தவர் விழமாட்டார். எடை பத்து கிலோவுக்கும் குறைவு. அழகான வேலை. ஆனால் நடக்கிற வேகம்தான். பாட்டரி ஒரு மணி நேரம்தான்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இந்த வண்டியில் திரும்ப வேண்டுமென்றால் சாய வேண்டும். சாய்வதை மெஷின் தடுத்தால் வண்டி எப்படித் திரும்பும்? எது விழுகிற சாய்வு, எது திரும்புகிற சாய்வு என்று மெஷினுக்குத் தெரிய வேண்டும். பிரென்னனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் வண்டி திரும்ப வேண்டிய இடத்தைத் தண்டவாளம் சொல்லிவிடும்.

அதனால் இன்றைக்கும் புதிதாகப் பழகுகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அல்லது பக்கத்தில் குட்டிச் சக்கரம் மாட்டிக்கொள்கிறார்கள். மூணாறு மாட்டு ரயில் மாதிரி.

பிரென்னன் கட்டிய இரண்டு வண்டிகளில் ஒன்று பழைய இரும்புக்குப் போனது. இன்னொன்று ஒரு பூங்காவில் மழைக்கு ஒதுங்கும் கூரையாக 1930 வரை நின்றது. கிழவர் சும்மா இருக்கவில்லை. அதற்குள் ஹெலிகாப்டர் செய்யப் போய், அதையும் அரசாங்கம் பாதியில் நிறுத்தியது. 1932 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்தில் மோன்ட்ரோ நகரில் இறந்தார். அவர் மீது ஒரு கார் மோதியிருந்தது.

காஷ்மீர் தர்பார் கொடுத்த 5,000 பவுண்டு என்ன ஆனது? ஸ்ரீநகருக்கு அந்தப் பணத்தில் ஓர் அங்குலத் தண்டவாளம்கூட வரவில்லை. ஜம்மு பக்கத்திலிருந்து மலையைக் குடைந்து, செனாப் நதிக்கு மேலே பாலம் கட்டி, ஸ்ரீநகருக்கு நேரடி ரயில் போய்ச் சேர்ந்தது 2025 ஜூன் மாதம். இரண்டு தண்டவாளத்தில்.