இருபதாயிரம் டாலர்த் தேர்

பழம்பொருள்களைப் பேணுவது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பேணப்பட்ட பொருள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது விடுகிறது என்னும் வினாவும் உடன் எழவேண்டும். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், அப்படைக்கலங்களின் பொலிவையே அவை போர் காணாமைக்குச் சான்றாக்கிய திறத்தைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் காண்கிறோம். பொலிவை வியந்து நின்றுவிடாமல் அதன் பொருளை வினவும் அப்பார்வையோடு, அமெரிக்க நாட்டின் புகழ்மிக்க மகிழுந்து ஒன்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சில்மார் பகுதியில், நெதர்கட் தொகுப்பில் வெள்ளி நிறத்தில் ஒளிர்வது 1933ஆம் ஆண்டின் டூசன்பர்க் எஸ்.ஜே. மகிழுந்து. 'டுவென்டி கிராண்ட்' என்பது அதன் பெயர். அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'கிராண்ட்' என்றால் ஆயிரம். விலையே பெயராயிற்று: 20,000 டாலர்!

பிரெட், ஆகஸ்ட் டூசன்பர்க் என்போர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உடன்பிறப்புகள். பந்தய ஊர்திகளால் பெயர் பெற்றவர்கள். 1926இல் இவர்தம் நிறுவனத்தை வாங்கிய ஈ.எல். கார்டு என்னும் தொழிலதிபர், உலகில் நிகரற்ற மகிழுந்து ஒன்றைப் படைக்குமாறு பணித்தார். 1928 டிசம்பரில் நியூயார்க்கில் 'மாடல் ஜே' வெளிவந்தது. எட்டுச் சிலிண்டர்கள், 265 குதிரைத்திறன். எண்ணெய் மாற்றும் காலம் வந்துவிட்டதை ஓட்டுநர்க்கு உணர்த்த விளக்கொன்று தானே எரியும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் சூப்பர்சார்ஜர் பூண்ட எஸ்.ஜே. வகையின் ஆற்றல் 320 குதிரைத்திறன்.

நிறுவனம் விற்றது அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டுமே. அதற்கே 8,500 டாலர். மேற்கூட்டினைத் தனிப் பட்டறையார் அமைத்தனர். நாம் காணும் மகிழுந்தின் வடிவைக் கார்டன் பியூரிக் வரைந்தார். நியூயார்க்கின் ரோல்ஸ்டன் பட்டறை அதனை உருவாக்கியது. வரைந்தவர் பெயர் நிலைத்தது. தகட்டைத் தட்டி வளைத்த கைகளின் பெயர்கள் காட்சிக்கூடத்தில் ஒளிரவில்லை.

இம்மகிழுந்து சிகாகோவில் நடைபெற்ற 'நூற்றாண்டு முன்னேற்றம்' என்னும் உலகக் கண்காட்சிக்கெனச் செய்யப்பட்டது. 1933 மே 27 அன்று கண்காட்சி தொடங்கிய முறை கவிஞர்கள் கேட்டு மகிழத்தக்கது. நாம் சுவாதி என வழங்கும் ஆர்க்டூரஸ் விண்மீனின் ஒளியைத் தொலைநோக்கி வழியே பெற்று, அதனைக் கொண்டு விளக்குகளை ஏற்றினர். 1893இல் அதே நகரில் முந்தைய கண்காட்சி நிகழ்ந்தபோது அவ்விண்மீனிலிருந்து புறப்பட்ட ஒளி அது என நம்பினர். அதன் தொலைவு 40 ஒளியாண்டன்று, ஏறத்தாழ 37 என்பது பின்னர் தெளிந்த செய்தி.

விண்ணொளி இறங்கிய அந்நகரின் மண்ணில் நிலவிய இருளையும் காண வேண்டும். 1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சியைத் தொடர்ந்த பெருமந்தத்தில், 1933இல் அமெரிக்க உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு வேலையில்லை. ஏறக்குறைய 500 டாலருக்கு ஒரு போர்டு மகிழுந்து கிடைத்த காலம் அது. நாற்பது போர்டுகளின் விலை இவ்வொன்றுக்கு! சிகாகோ நகரப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ பதினாலாயிரம் பேர் பல மாதங்கள் ஊதியமின்றிப் பணியாற்றினர். சிலபோது பணத்திற்கு மாற்றாகக் கடன்சீட்டுகளையே பெற்றனர். கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய மாதம், அவர்கள் வங்கிகளுக்குள் புகுந்து முழக்கமிட்டனர். ஆசிரியத் தொழிலில் உள்ளவளாதலின், வெள்ளி நிற ஊர்தியின் ஒளியில் அவர்தம் முகங்களையும் தேடாமல் இருக்க என்னால் இயலவில்லை.

அவ்வாறாயின் இவ்வழகு பழிக்கத்தக்கதோ? அன்று. உழைப்பின் நுட்பம் உடையவனுக்கு மட்டும் உரியதன்று. பிரெட் டூசன்பர்க் 1932இல் தம் நிறுவன மகிழுந்தை ஓட்டிச் சென்றபோது நேர்ந்த விபத்தின் விளைவாக மறைந்தார். 480 அளவிலான 'ஜே' வகை ஊர்திகளைத் தந்தபின், நிறுவனம் 1937இல் முடிவெய்தியது. ஒருவர் ஏறிச் செல்லச் செய்த தேரை, நெதர்கட் தம்பதியர் மீட்டுப் புதுக்கி, கட்டணமின்றிப் பலரும் காண வைத்தனர். ஓடும் நிலையிலேயே ஊர்திகளைப் பேணுவது அத்தொகுப்பின் நெறி. தொண்டைமான் கொட்டிலினின்று அது வேறுபடும் இடம் இதுவே.

எனினும் மீட்டெடுத்த மெருகு பாதி வரலாறே. கடன்சீட்டை எண்ணிய ஆசிரியையின் கையும், தகட்டை வளைத்த தொழிலாளியின் கையும் மறுபாதி. அவற்றைப் பேணும் கொட்டில் எழுத்தன்றி வேறில்லை. பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர்களுக்குரிய பணியும் அதுவேயாம்.