மின்கம்பம் எட்டாத இடத்திற்குச் சூரிய மின்சாரம்: கணக்கு அக்டோபர் மழையில் தொடங்க வேண்டும்

சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங், சிக் வட்டாரங்களில் பெரும்பாலான வீடுகளுக்குத் தெனாகா மின்சாரம் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் செம்பனைக்கு நடுவே தனித்து நிற்கும் பழைய தோட்டத்துக் கோயில், டுரியான் தோப்பில் கட்டிய சிறு வீடு, ஆட்டுக் கொட்டகை, ஆற்றோரக் காய்கறித் தோட்டம் ஆகியவற்றுக்குச் சில இடங்களில் இன்னும் கம்பம் எட்டவில்லை. அங்கே சூரியத் தகடு, பேட்டரி, கூடவே ஒரு ஜெனரேட்டர் என்று போட நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது “எத்தனை தகடு வேண்டும்?” என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தவறாகக் கேட்டால் மார்ச் மாதத்தில் எல்லாம் ஜோராக எரியும். அக்டோபரில் குளிர்பெட்டியும் அதில் வைத்த இன்சுலினும் கெட்டுப்போகும்.

அதற்கும் முன்னால் ஒன்று. கம்பி இழுக்க எவ்வளவு ஆகும் என்று தெனாகாவிடம் விசாரித்துவிட்டுத்தான் சோலாரைப் பற்றி யோசிக்க வேண்டும். கம்பம் பக்கத்திலேயே இருந்தால் தெனாகா இணைப்பே மலிவு. தனித்து இயங்கும் சோலாரில் பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவு இருக்கிறது. பட்டணத்து வீடுகளின் கூரையில் தெனாகா கம்பியோடு இணைத்துப் போடும் சோலார் வேறு வகை. பேட்டரி இல்லாத அந்த அமைப்பு, மின்தடை வந்தால் வெயில் காய்ந்தாலும் தானும் நின்றுவிடும்.

இனி கணக்கு. தோப்பு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9 வாட் விளக்கு 6, தினம் 5 மணி நேரம்: 270 வாட் மணி. 60 வாட் காற்றாடி 2, பத்து மணி நேரம்: 1,200. சிறிய குளிர்பெட்டி நாள் முழுதும் சுமார் 1,200. தொலைக்காட்சி 320, இணையக் கருவியும் கைபேசிகளும் 300, சோறு ஆக்கும் மின்பானை 300. அரைக் குதிரைத்திறன் தண்ணீர் பம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் 550. கூட்டினால் 4,140 வாட் மணி. இன்வெர்ட்டர் தனக்கென்று தின்பதையும் சேர்த்தால் 4,600, அதாவது தெனாகா பில்லில் வரும் கணக்கில் 4.6 யூனிட். குளிரூட்டியோ தண்ணீர் சூடேற்றியோ இந்தப் பட்டியலில் நுழைந்தால் எல்லாமே இரட்டிப்பாகும். சமையலுக்கு எரிவாயுவே போதும்.

அடுத்தது வெயில். ஒரு நாள் முழுதும் விழும் ஒளியை உச்சிவெயில் எத்தனை மணி நேரத்திற்குச் சமம் என்று கணக்கிடுவது வழக்கம். கெடாவில் அது ஆண்டுச் சராசரியாக 5-ஐ ஒட்டி இருக்கும். வறட்சியான பிப்ரவரி, மார்ச்சில் அதைத் தாண்டும். மழை மிகும் அக்டோபர், நவம்பரில் ஏறத்தாழ 4-க்கு இறங்கும். கணக்குப் போட வேண்டியது இந்த 4-ஐ வைத்துத்தான்.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல கனடா, நார்வே போன்ற குளிர்நாட்டினருக்காகச் செய்தவை. நார்வேயின் திரோம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. அங்கே ஜெனரேட்டர்தான் குளிர்காலத்தின் பிழைப்பு. நமக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆகவே அவர்கள் சொல்லும் செங்குத்தான சாய்வு இங்கே வேண்டாம். 10 பாகை போதும், அதுவும் மழைநீர் அழுக்கைக் கழுவிக்கொண்டு ஓடுவதற்காக. நமக்கு உள்ள தொல்லை வேறு, அது சூடு. தகரக் கூரை மேல் தகடு 65 பாகை வரை கொதிக்கும்போது அதன் திறனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விடும். கூரைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்றோட்டம் கிடைக்கும்.

சூடு, தூசி, கம்பி இழப்பு எல்லாம் போக 1 கிலோவாட் தகடு மழை மாதத்தில் நாளைக்கு 3 யூனிட் தரும் என்று வைக்கலாம். 4.6-ஐ 3-ஆல் வகுத்தால் 1.53 கிலோவாட். 450 வாட் தகடு நான்கு போட்டால் 1.8 கிலோவாட், 5.4 யூனிட். அந்தக் கூடுதல் வீணாகாது. முதல்நாள் மழையில் இறங்கிய பேட்டரியை மறுநாள் ஏற்ற அது வேண்டும்.

பேட்டரியில்தான் பணம் அதிகம் கரைகிறது. ஜெனரேட்டர் இல்லாமல் மூன்று நாள் அடைமழையைத் தாங்க வேண்டுமானால் 13.8 யூனிட் சேமிப்பு வேண்டும். இன்று சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 5.12 யூனிட் லித்தியம் பேட்டரியில் 90 விழுக்காட்டைப் பயன்படுத்தலாம் என்றால் மூன்று வாங்க வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால் ஒன்றே போதும், அது ஒரு நாளைக்குத் தாங்கும். ஆண்டில் சில நாளே வரும் அடைமழைக்காக இரண்டு பேட்டரியை வாங்கிச் சும்மா வைத்திருப்பதைவிட, அந்த நாட்களை ஜெனரேட்டரிடம் விடுவதே புத்திசாலித்தனம். பழைய ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் அதே ஒரு நாளுக்கு 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி பேட்டரி நான்கு தேவைப்படும்.

பெரிய அளவிலும் இதே வழிதான். யாழ்ப்பாணத்தை ஒட்டிய எழுவைதீவில் 46 கிலோவாட் சூரியத் தகடு, சிறு காற்றாலைகள், 110 யூனிட் பேட்டரி என்று அமைத்தவர்கள், கூடவே 30 கிலோவாட் டீசல் ஜெனரேட்டரையும் வைத்தார்கள்.

ஜெனரேட்டரின் அளவை வீட்டுத் தேவையை மட்டும் பார்த்து முடிவு செய்வது பலர் செய்யும் பிழை. முன்பு லயங்களில் நிர்வாகத்தின் இயந்திரம் மாலையில் சில மணி நேரம் ஓடி நேரடியாக விளக்கெரித்தது. இங்கே அதன் முதல் வேலை பேட்டரியை ஏற்றுவது. நாள் முழுதும் மூடிக்கிடந்தால் நான்கு தகடுகளும் சேர்ந்து ஒன்றரை யூனிட் தரலாம், குறை 3.1. பேட்டரியை 30 ஆம்பியரில் ஏற்றினால் 1.6 கிலோவாட் வீதம் உள்ளே போகும், இரண்டு மணி நேரத்தில் குறை தீரும். ஏற்றும் இழப்பையும் வீட்டுப் பயன்பாட்டையும் கூட்டினால் 2.3 கிலோவாட். தொடர்ந்து 3 கிலோவாட் தரக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டர் இதற்குப் பொருத்தம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச அளவைப் பார்க்கக் கூடாது, தொடர் அளவைப் பார்க்க வேண்டும். இரண்டு விளக்குக்காகப் பெரிய இயந்திரத்தை இரவெல்லாம் ஓட்டுவது பெட்ரோலுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு.

எப்போது ஓட்டுவது? காலையில் அவசரப்பட வேண்டாம், பத்து மணிக்கு வெயில் வரலாம். மாலை ஆறு மணிக்குப் பேட்டரி 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அப்போது போடலாம். முழுதாக ஏற்றவும் வேண்டாம், மறுநாள் வெயிலுக்கு இடம் விட வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் பம்பைப் போடாமல் இருப்பது நல்லது. பம்ப் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்து மடங்கு வரை இழுக்கும். இதே காரணத்தால் இன்வெர்ட்டரும் 3 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது.

புது ஜெனரேட்டரைப் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புமுன் இன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும். அதில் ஏற்றும் மின்னோட்டம் தொடக்கத்திலேயே 60 ஆம்பியர் என்று வைக்கப்பட்டிருந்தால் சிறு ஜெனரேட்டர் திணறி நிற்கும், 30-க்குக் குறைக்க வேண்டும். மலிவு ஜெனரேட்டரின் மின்சாரம் ஏற்ற இறக்கமாக வருவதால் சில இன்வெர்ட்டர்கள் அதை ஏற்க மறுக்கும். அவற்றை ஜெனரேட்டருக்கு உரிய அமைப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

இடம் தேர்வதில் கெடாவுக்கே உரிய ஒரு பொறி உண்டு. ஆண்டின் முதல் மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும். அப்போது நிழல் இல்லை என்று பார்த்துத் தகடு போட்டால், துளிர்த்து அடர்ந்த பின் மாலை வெயில் முழுதும் மறைந்துபோகும். வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்றின் மேல் செம்பனை மட்டை ஒன்றின் நிழல் விழுந்தாலே மற்றவற்றின் உற்பத்தியும் குறையும். மரத்தின் இன்றைய உயரத்தை அல்ல, ஐந்து ஆண்டு கழித்து இருக்கப்போகும் உயரத்தைப் பார்க்க வேண்டும். வறட்சி மாதங்களில் மழை கழுவாததால் தூசியைத் துடைப்பதும் வேலைதான்.

இடி மின்னல் மிகுந்த நாடு இது. நிலத்தொடர்பும் மின்னெழுச்சித் தடுப்பானும் இல்லாத அமைப்பு ஒரே மாலையில் கருகலாம். இணைப்பு வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரிடம் விட வேண்டும். ஜெனரேட்டரைச் சுவர்ச் செருகியில் குத்தி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது உயிரோடு விளையாடுவது, மாற்றுவிசை கட்டாயம். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ அடைத்த தாழ்வாரத்திலோ ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். வெளியே, சன்னல்களிலிருந்து தள்ளி, நான்கு பக்கமும் திறந்த தனிக் கூரையின் கீழ் வைக்க வேண்டும்.

வறட்சி மாதங்களில் ஜெனரேட்டருக்கு வேலையே இருக்காது. அப்படியே விட்டால் பெட்ரோல் கெட்டுக் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், அக்டோபரில் கயிறு இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் சுமையோடு ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பெட்ரோலை வடித்துவிட்டு வைக்க வேண்டும்.