எங்கிருந்து அளந்தீர்கள்?

ஊவா மலைக்கும் மன்னார்க் கடலின் எரிவாயுக் கிணற்றுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. அது பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில் இருக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் இத்தீவை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்தார்கள். நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கந்தவளைதான் அடிப்படைப் புள்ளி. பூமியின் வடிவத்துக்கோ, இந்தியாவை அளந்த எவரெஸ்ட்டின் 1830ஆம் ஆண்டுக் கணக்கு. நமது தேசப்படங்கள் நெடுங்காலம் இக்கணக்கிலேயே வரையப்பட்டன.

பின்னர் செய்மதிகள் வந்தன. அவை பூமியின் மையத்திலிருந்து கணக்கிடுகின்றன. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கந்தவளைக் கணக்கில் ஒரு முறையும் செய்மதிக் கணக்கில் ஒரு முறையும் குறித்துப் பாருங்கள். இரு புள்ளிகளுக்கும் இடையே ஏறத்தாழ 200 மீற்றர் இருக்கும்! 1999இல் நில அளவைத் திணைக்களம் செய்மதி கொண்டு தீவைப் புதிதாக அளந்தது. அப்போது ஆதார நிலையமாக அமைந்தது தியத்தலாவை நில அளவைப் பயிற்சி நிறுவகம்.

நிலத்தில் எல்லைக்கல் நடலாம். கடலில் எதை நடுவது? ஆகவேதான் எண்ணெய்த் தொழிலின் அளவையாளர்கள் 1986இல் ஐரோப்பாவில் ஒரு குழு அமைத்தார்கள். உலகின் அளவைக் கணக்குகளுக்கெல்லாம் இலக்கமிட்டார்கள். கந்தவளைக்கு 4244, நமது 1999ஆம் ஆண்டுக் கணக்குக்கு 5233. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் ஓர் இடத்தின் எண்ணை எழுதக்கூடாது என்பது அவர்களது விதி. 2011இல் மன்னார்ப் படுகையில், 1300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழக் கடலின் அடியில் துளையிட்டு எரிவாயு கண்டார்கள். அந்தக் கிணறு எங்கே என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

இனி மலைக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து எங்கே என்று அறியாமலா? 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். தெரியாதிருந்தது வேறொன்று: அந்த மக்கள் எழுந்து போய்க் குடியேற அவர்களுக்கென்று நிலம் எங்கே?

தோட்டங்களை ஏக்கர், றூட், பேர்ச் என்று துல்லியமாக அளந்தவர்கள்தாம் நாம். கந்தவளையிலிருந்து அளந்தோம், பூமியின் மையத்திலிருந்தும் அளந்தோம். லயத்து வாசற்படியிலிருந்து அளக்கத் தொடங்கும் நாள் எது என்பதே என் கேள்வி.