ஃப்ரீபிஎஸ்டி மூலநிரலைப் புதுப்பித்த வழிகள்

இயங்குதளத்தின் மூலநிரல் தினமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் பிழை திருத்துவார், இன்னொருவர் டிரைவர் எழுதுவார். அந்த மாற்றங்கள் நம் கணினிக்கு எப்படி வந்து சேரும்? 1993-ல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டியில் இதற்குப் பல வழிகள் இருந்தன. எந்த வழி என்பதை ஆரம்பத்தில் முடிவு செய்தது தொலைபேசிக் கம்பிதான்.

அப்போது பலருக்கு இணையம் என்றால் மின்னஞ்சல் மட்டுமே. அவர்களுக்காக பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதியது சிடிஎம். மாறிய பகுதிகளை மட்டும் வரிசை எண் போட்டு, துண்டு துண்டாக மின்னஞ்சலில் அனுப்பும். செய்தித்தாள் போல வீடு தேடி வரும். என்ன, 41-ம் எண் தொலைந்துவிட்டால் 42 கையில் இருந்தும் பயனில்லை! இருந்தாலும் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

நேரடி இணைப்பு உள்ளவர்களுக்கு ஜான் போல்ஸ்ட்ராவின் சிவிசப். மாறியதை மட்டும் கண்டுபிடித்து, பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்து அனுப்புவதால் நல்ல வேகம். ஒரே தலைவலி, அது மாடுலா-3 மொழியில் எழுதப்பட்டது. இதற்காகவே அந்தக் கம்பைலரையும் நிறுவ வேண்டும்! பிறகு அதையே சி மொழியில் 'சிசப்' என்று எழுதி இயங்குதளத்தோடு சேர்த்தார்கள்.

2008-ல் மூலநிரல் சப்வெர்ஷனுக்கு மாறியது. ஆனாலும் மாற்றங்களைப் பழைய சிவிஎஸ்ஸுக்கும் ஏற்றுமதி செய்ததால் பயனர்கள் சிவிசப்பை விடவில்லை.

விட வைத்தது 2012. ஒரு நிரலாளரின் எஸ்எஸ்எச் சாவி கசிந்து, திட்டத்தின் இரண்டு கணினிகளுக்குள் யாரோ நுழைந்திருப்பது நவம்பர் 11-ல் தெரிந்தது. செப்டம்பர் 19-லிருந்தே உள்ளே இருந்திருக்கலாம் என்றார்கள். மூலநிரலில் கை வைத்ததற்குத் தடயம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: சிவிசப்பில் வந்த கோப்பு உண்மையானதுதானா என்று சரிபார்க்கக் கையொப்பம் கிடையாது. வேகத்தையே பார்த்த நாம் அதைக் கேட்கவே இல்லை. இத்தனைக்கும் காலின் பெர்சிவல் எழுதிய, கையொப்பம் சரிபார்க்கும் போர்ட்ஸ்னாப், ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இரண்டும் அப்போதே இருந்தன. சிவிசப்பை விட்டு இவற்றுக்கோ சப்வெர்ஷனுக்கோ மாறச் சொன்னார்கள்.

2020 டிசம்பரில் மூலநிரல் கிட்டுக்குப் போனது. அதில் ஒவ்வொரு மாற்றத்தின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்தைய மாற்றத்தின் எண்ணிலிருந்தும் கணக்கிடப்படுகிறது. பழையதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதன் பின் வரும் எண்கள் எல்லாமே மாறிவிடும். முழு வரலாற்றையும் இறக்க ஒரு ஜிபிக்கு மேல் ஆகும். மெதுவான இணைப்பு உள்ளவர்கள் கடைசி நிலையை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.