சிக்காகோ நகரில் ஒலித்த நாட்டுப்புற வானொலி

நகரத்தில் வாழ்வோர் எல்லாரும் நகரத்திற் பிறந்தவர் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வுண்மை நன்கு புலனாயிற்று. 1920ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, அந்நாட்டின் வரலாற்றிலே முதன்முறையாக நகரவாசிகளின் தொகை கிராமவாசிகளின் தொகையை விஞ்சியது. சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளையும் உருக்காலைகளையும் நாடி, சுற்றியுள்ள சோள வயல்களிலிருந்தும் தெற்கேயுள்ள மலைப்பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். நிலத்தைவிட்டு வந்த அவர்கள், அறுவடை முடிந்தபின் அயலார் கூடிப் பாடியாடிய இரவுகளையும் விட்டுவந்தனர். அந்த இரவுகளை நகரத்தின் நடுவிலிருந்தே அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு வானொலி நிலையம்.

அதன் பெயர் டபிள்யூ. எல். எஸ். என்பதாகும். தபால் மூலம் பொருள் விற்பதிற் புகழ்பெற்ற சியேர்ஸ் றோபக் கம்பனி, 1924 ஏப்பிரில் 12ஆந் தேதி அதனைத் தொடக்கிவைத்தது. 'உலகின் மிகப் பெரிய கடை' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே நிலையத்தின் பெயராயின. கம்பனியின் விலைப்பட்டியல் நூலைப் பார்த்துப் பொருள் வாங்கியோரிற் பெரும்பாலார் கமக்காரர். அவர்களுக்குச் சந்தை விலையும் வானிலையும் வேளாண்மை அறிவுரையும் வழங்கினால் நன்மதிப்பு வளரும் என்பது கம்பனியின் கணக்கு.

நிலையம் தொடங்கி ஒரு வாரம் சென்றபின், ஏப்பிரில் 19ஆந் தேதி சனிக்கிழமை இரவு, பிடில் வாசிப்போர் சிலரும், ஆடுவோருக்கு அடவு சொல்லிக் கொடுக்கும் ஒருவரும் ஒலிவாங்கியின் முன் நிறுத்தப்பட்டனர். தானியக் களஞ்சியத்தில் ஊரார் கூடி ஆடும் வழக்கத்தையொட்டி, அந்நிகழ்ச்சிக்குப் 'பார்ன் டான்ஸ்' என்று பெயரிடப்பட்டது. பின்னர் 'நாஷனல் பார்ன் டான்ஸ்' என நாடெங்கும் அறியப்பட்டது. கம்பனியின் மேலாளர் சிலர் இதனைக் கேட்டு முகஞ் சுழித்தனர். பட்டிக்காட்டுப் பிடில் ஓசை ஒரு பெருங் கம்பனியின் மதிப்புக்கு ஏற்றதன்று என அவர்கள் கருதினர். ஆனால், அடுத்த நாட்களில் வந்த கடிதங்கள் வழக்கைத் தீர்த்துவிட்டன. நேயர்கள் மீண்டும் வேண்டுமென எழுதினர். நிகழ்ச்சி நிலைத்தது.

நேயருக்கும் நிலையத்துக்கும் இடையே உண்டான உறவு எத்தகையது என்பதை மறு ஆண்டு நேர்ந்த பேரிடர் ஒன்று காட்டியது. 1925 மார்ச் 18ஆந் தேதி, மிசூரி, இலினோய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களை ஊடறுத்துச் சென்ற சுழற்காற்று 695 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நிலையம் உதவி வேண்டி ஒலிபரப்பியபோது இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. பாட்டுக் கேட்பதற்காகப் பெட்டியைத் திறந்தவர்கள் அயலாருக்காகப் பணப்பையையும் திறந்தனர்.

அக்காலத்தில் அங்கே புகழ்பெற்ற அறிவிப்பாளராக விளங்கியவர் ஜோர்ஜ் ஹே. அவர் 1925இல் ரெனெசி மாநிலத்து நாஷ்வில் நகருக்குச் சென்று, அங்கேயும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றைத் தொடக்கினார். 1927இல் 'கிராண்ட் ஓல் ஒப்றி' என்னும் பெயரைப் பெற்றது அதுவே. நாட்டுப்புற இசையின் தலைநகர் என இன்று போற்றப்படும் நாஷ்விலின் பெருமைக்கு வித்து, தொழிலாளரும் புகையும் நிறைந்த சிக்காகோவில் முளைத்ததென்பது கருதற்பாலது.

சிக்காகோவிற் படிக்க வந்திருந்த கென்ரக்கி இளைஞர் பிறாட்லி கின்கெய்ட் 1926இல் இந்நிலையத்திற் பாடத் தொடங்கினார். தம் தாயகத்து மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த கதைப்பாடல்களை அவர் எளிய குரலிற் பாடினார். வேட்டை நாயொன்றைக் கொடுத்துத் தந்தை மாற்றாகப் பெற்ற கிற்றாரே அவருடைய முதற் கருவி. 1928இல் அவர் வெளியிட்ட பாடற் புத்தகம் ஓர் இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அவருடைய கிற்றாரின் மாதிரியைச் சியேர்ஸ் கம்பனி தபால் மூலம் விற்றது. பாட்டி வாயிலிருந்து பேரன் காதுக்குச் சென்றுகொண்டிருந்த பாடல், இப்போது வானலையிற் சென்று அச்சேறி, விலைபொருளாகவும் மாறிற்று. அதனாற் பல பாடல்கள் மறைந்துபோகாமற் பிழைத்தன என்பதும் உண்மை.

1928இற் சியேர்ஸ் கம்பனி நிலையத்தை விற்றுவிட்டது. வாங்கியது 1841இலே தொடங்கப்பெற்ற 'பிறெயறி பாமர்' என்னும் கமக்காரர் பத்திரிகை. அதன் அதிபர் பேறிட்ஜ் பட்லர், நிலையத்தைக் கமக்காரக் குடும்பத்தின் நண்பனாக நடத்த விரும்பினார். நண்பகல் உணவு வேளையிற் கால்நடை, தானிய விலைகள் ஒலித்தன. சனி இரவிற் பாடல்கள் ஒலித்தன. 1931இல் நிலையத்தின் ஆற்றல் 50,000 உவாற்றாக உயர்ந்தது.

1932இல் நிகழ்ச்சி எட்டாந் தெருக் கலையரங்குக்கு மாற்றப்பட்டது. ஏறக்குறைய 1,200 பேர் அமரக்கூடிய அவ்வரங்கிற் சனிக்கிழமைதோறும் இரு காட்சிகள் நடைபெற்றன. மேடையிலே வைக்கோற் கட்டுக்கள். வெளியிலே உயர்ந்த கட்டடங்கள். பொருளாதார மந்தம் வாட்டிய அக்காலத்திலும் மக்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினர். 1933இல் என். பி. சி. ஒலிபரப்பு நிறுவனம் இந்நிகழ்ச்சியை நாடெங்கும் கொண்டுசென்றது. பின்னாளிலே திரைப்பட நட்சத்திரமான ஜீன் ஓட்றி இங்கே பாடிப் புகழடைந்தவர். வட கரோலினாவிலிருந்து வந்த லூலூ பெல் என்னும் நங்கை, 1936இல் நடந்த நேயர் வாக்கெடுப்பில் வானொலி அரசியாகத் தெரிவுசெய்யப்பட்டார்.

இவ்வரலாற்றில் நிழலும் உண்டு. அதே ஆண்டுகளில் தென் மாநிலங்களிலிருந்து சிக்காகோவுக்கு வந்தோரிற் கறுப்பின மக்களும் பெருந் தொகையினர். பிடிலும் பான்ஜோவும் அவர்களுடைய கைகளிலும் வளர்ந்த கருவிகளே. பான்ஜோவின் மூலமே ஆபிரிக்காவிலிருந்து வந்தது. ஆயினும், அவ்வைக்கோல் மேடையில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடங் கிடைக்கவில்லை. முகத்திற் கரி பூசி அவர்களை நையாண்டி செய்யும் கூத்துக்கே இடங் கிடைத்தது. எல்லார்க்கும் உரிய ஊர்க்களம் எனக் காட்டப்பட்ட இடம் எல்லாரையும் வரவேற்கவில்லை.

பட்லர் 1948இற் காலமானார். தொலைக்காட்சி வீடுகளுட் புகுந்தது. 1957இல் எட்டாந் தெரு அரங்கக் காட்சிகள் முடிவுற்றன. பின்னர் நிலையம் முழுவதும் ஏ. பி. சி. நிறுவனத்தின் கைக்கு வந்தது. புதிய உரிமையாளர் கணக்கிட்டது வயலிலே கேட்போரையன்று, நகரத்து இளைஞரை. 1960 மே 2ஆந் தேதி முதல் அந்த அலைவரிசையில் றொக் அன்ட் றோல் இசை முழங்கிற்று. புதிய நேயர் திரளாகச் சேர்ந்தனர். வணிக நோக்கில் அது வெற்றியே. பழைய நிகழ்ச்சி வேறொரு நிலையத்தில் அடைக்கலம் பெற்று, 1960களின் இறுதிவரை வாழ்ந்து மறைந்தது. 1975இற் சிக்காகோவின் டபிள்யூ. எம். ஏ. கியூ. நிலையம் நாட்டுப்புற இசைக்கு மாறியது. 1988இல் அதுவும் செய்தி நிலையமாயிற்று.

ஒலிபரப்புக் கோபுரம் விற்கப்படலாம், அலைவரிசை கைமாறலாம். விற்பவரும் வாங்குபவரும் ஒப்பமிடும் பத்திரத்தில் நேயரின் கையொப்பம் இடம்பெறுவதில்லை. ஆனால், 1924ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திற் பட்டிக்காட்டுப் பிடிலைக் காப்பாற்றியவர்கள் கடிதம் எழுதிய நேயர்களே. அந்நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் நீடித்த அந்நிகழ்ச்சிக்கு உண்மையான அடித்தளம் அக்கடிதங்களே ஆகும்.